இரண்டு குழுவும் ஒரே சட்டிச் சோறும்

போர் முடிந்தும் சோதனைச்சாவடிகள் எடுக்கப்படாத வருடம் அது. உலகத்தைச் சுற்றிய காய்ச்சல் எங்கள் கண்டி நகருக்கும் வந்துவிட்டது. ஆஸ்பத்திரிச் செலவுக்குக் காசு கொடுக்கும் ஒரு காப்புறுதிக் கிளையில் நான் புதிதாகச் சேர்ந்திருந்தேன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. கலவரம், குண்டு, ஊரடங்கு எல்லாவற்றுக்கும் எங்களிடம் திட்டம் இருந்தது. எந்த வீதி மூடினால் யார் எந்த வழியாக நடந்து வருவது என்பது வரை எழுதி வைத்திருந்தார்கள். காய்ச்சலுக்கு மட்டும் ஒன்றுமில்லை.

எங்கள் முகாமையாளர் யாழ்ப்பாணத்தவர். "பிள்ளை, நீர் ஒரு திட்டம் போடும். ஆஸ்பத்திரிக் காசு கேட்டுச் சனம் வரேக்க கிளை பூட்டியிருக்கக்கூடாது. ஒரு நாளும் பூட்டாட்டி உம்மை நிரந்தரமாக்கச் சொல்லி நான் எழுதுறன்" என்றார்.

போட்டேன். மேல்மாடியில் ஒரு குழு, கீழே ஒரு குழு. தனித்தனிப் படி, தேநீருக்குத் தனித்தனிக் கேத்தல். ஒரு குழு காய்ச்சலில் படுத்தால் மற்றது கிளையை நடத்தும். அலுவலகத்துக்குக் கிட்ட இருப்பவள் என்று சாவி ஒன்றும் என்னிடம் வந்தது. எதையோ விட்டுவிட்டேன் என்று மட்டும் மனம் அரித்துக்கொண்டே இருந்தது.

ஒரு மாலை, மகளைக் கூட்டிவர மஹய்யாவவில் பிள்ளை பார்க்கும் அக்கா வீட்டுக்குப் போனேன். மேல்மாடிக் குழுத் தோழியும் தன் மகனுக்காக வந்திருந்தாள்.

"தள்ளி நில்லுடி. மேலயும் கீழயும் சந்திக்கக்கூடாதுன்னு சட்டம் போட்டது நீதானே" என்றாள். விழுந்து விழுந்து சிரித்தோம். எங்களுக்கு நடுவே அக்கா ஒரே சட்டியில் சோறு பிசைந்து, ஒரே கையால் எங்கள் அலுவலகத்தாரின் பிள்ளைகள் எல்லாருக்கும் வரிசையாக உருண்டை ஊட்டிக்கொண்டிருந்தார். என் மகளுக்கு ஒன்று, அவள் மகனுக்கு ஒன்று. மகன் தும்மினான். அக்கா அவன் மூக்கைத் துடைத்துவிட்டு அடுத்த உருண்டையை உருட்டினார்.

என் சிரிப்பு பாதியில் நின்றது.

அதற்குள் காய்ச்சல் இரண்டு படியாலும் ஏறியிருந்தது. அடுத்த வாரம் மேல்மாடி படுத்தது, கீழ்மாடி படுத்தது, முகாமையாளர் படுத்தார், அக்காவும் படுத்தார். எனக்கும் மகளுக்கும் ஒன்றுமில்லை. ஏன் என்று யோசித்து யோசித்து அதற்கும் பயந்தேன். வேறு வழியில்லாமல் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தேன். ஆஸ்பத்திரிக் காசுக்காக வாசலில் காத்து நின்ற ஹேவாஹெட்ட தேயிலைத் தோட்டத்து ஐயா ஒருவர், "மகாராசி, தொறந்துட்டீங்களா" என்று குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டார். மகிழ்ச்சியில் எனக்குத் தலைகால் புரியவில்லை. கால்கள் தரையில் பட்டதாகவே நினைவில்லை.

பத்து மணிக்குத் தொலைபேசி அடித்தது. கட்டைக் குரலில் முகாமையாளர்.

"பிள்ளை, கிளை திறந்திருக்கோ?"

"ஆமா சேர். ரெண்டு பேர் இருக்கோம்."

"மற்ற ஆள் ஆர்?"

மகள் மேசைமேல் உட்கார்ந்து, இறப்பர் முத்திரையைத் தன் தொடையிலேயே குத்திக்கொண்டிருந்தாள்.

"ரெண்டாவது குழு, சேர்."

அவர் சிரித்தார், இருமினார், மறுபடியும் சிரித்தார். "அப்ப ரெண்டு பேரையும் நிரந்தரமாக்கச் சொல்லி எழுதுறன்" என்றார்.