அகப்பையை விடாத கை

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. மேலநீலிதநல்லூரில் பிறந்தவர்கள். வானம் பார்த்த பூமி கைகொடுக்காததால் இளம் வயதிலேயே சங்கரன்கோவிலுக்கு வந்து, கல்யாணச் சமையல் பழகித் தவசிப்பிள்ளை ஆனார்கள். ஐந்து அடுப்பையும் ஒருவராகவே பார்ப்பார்கள். பந்தியில் ஆள் கூடிவிட்டால் நின்ற இடத்திலேயே திட்டத்தை மாற்றிவிடுவார்கள்.

அந்த மாறும் வேகம்தான் முதலில் போயிற்று. புளியங்குடியில் ஒரு கல்யாணம். அப்பா பாயசத்தைக் கிண்டிக்கொண்டே நிற்க, பக்கத்து அடுப்பில் சாம்பார் அடிப்பிடித்தது. கூப்பிட்டும் திரும்பவில்லை. தலைக்கனம் என்று பெண்வீட்டார் சபையில் வைத்து ஏசினார்கள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அப்பா சொன்னார்கள்: "கருகுதது மூக்குக்குத் தெரியுது. கைதான் அகப்பைய விடமாட்டேங்கு."

பிறகு யாரும் சமையலுக்குக் கூப்பிடவில்லை. வாசற்படியில் கால் நின்றால் நின்றதுதான். ஒரு பேச்சைத் தொடங்கினால் அதையே சுற்றிச் சுற்றி வருவார்கள். வெளியே வரத் தெரியாமல் உள்ளேயிருந்து எங்களைப் பார்க்கும் அந்தக் கண்களை என்னால் தாங்க முடிந்ததில்லை.

திருநெல்வேலி டாக்டர்தான் விளக்கினார். மூளையில் டோபமின் என்றொரு ரசாயனம் உண்டு. கைகால் அசைய மட்டுமல்ல, ஒரு நினைப்பை விட்டு இன்னொன்றுக்கு மாறவும் அது வேண்டும். வயது ஏற ஏற எல்லோருக்கும் மெல்லக் குறையும்; அப்பாவுக்கு வெகுவாகக் குறைந்துவிட்டது. "பிடிவாதம் இல்லம்மா, வியாதி" என்றார். அம்மா அங்கேயே அழுதுவிட்டார்கள்.

மாத்திரை போட்டால் கொஞ்ச நேரம் பழைய அப்பா வருவார்கள். மருந்தின் வேகம் இறங்கியதும் மறுபடி அடைபட்டுப் போவார்கள். அளவைக் கூட்டினால் மனம் ஓரிடத்தில் நிற்காது. பிடித்ததை விடாத நேரங்களில் அம்மா அந்தக் கையில் ஒரு கரண்டியை வைத்து அழுத்துவார்கள். புதியதைப் பிடிக்கப் பழையது விடுபடும்.

அந்த டாக்டருக்கும், மதுரையிலிருந்து மாத்திரை வரவழைத்துத் தந்த மருந்துக்கடை அண்ணாச்சிக்கும், கைத்தாங்கலாக நடத்திச் சென்ற தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அன்று ஏசியவர்களுக்கும் இந்த நினைவு மலரை அனுப்புகிறேன். கோபம் தீர்ந்துவிட்டதென்று பொய் சொல்ல மாட்டேன்.

நான் கடைசியாகப் பார்க்க வந்து, ஊருக்குப் புறப்பட்ட அன்று அப்பா என் கையைப் பிடித்தவர்கள் விடவில்லை. "பிள்ளைக்கு பஸ் போயிரும்" என்று அம்மா கரண்டியோடு வந்தார்கள். அப்பா வேண்டாமென்று தலையசைத்து, மெல்லச் சொன்னார்கள்:

"சீக்கு இல்ல மக்கா. நாந்தான் பிடிச்சிருக்கேன்."