சிங்கப்பூர் விமானத்தில் ஒரு தோர்த்து

"மேல இருக்கிற பிள்ளை திருவனந்தபுரத்தைத் தாண்டினது கிடையாது. அவளாக்கும் ஆளுவளை சிங்கப்பூருக்கு அனுப்புது!"

கீழே சாயாக்கடையில் யாரோ சொன்னது மாடிப்படி வழியாக என் காதில் விழுந்தது. பொய்யில்லை. தான் ஏறாத வண்டிக்கு வழி சொல்வதுதான் எங்கள் தொழில். பாறசாலையில் அந்தச் சாயாக்கடை மாடியிலிருந்த பயண அலுவலகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த சமயம், எங்கள் பக்கத்துத் தமிழ்ப் பகுதிகளை மெட்ராஸ் ராஜ்யத்தோடு சேர்க்கச் சொல்லி எல்லைப் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. வருகிறவர்கள் பெரும்பாலும் கப்பல் டிக்கெட்தான் கேட்பார்கள். விமானம் என்று யாராவது வந்தால் அட்டவணைப் புத்தகத்தை மூன்று தடவை புரட்டுவேன். கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து, தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்லியிருப்பவர்களுக்கு இது புரியும்.

நடுவில் ஓர் இறக்கம்

குளத்தூரிலிருந்து ஞானம்மாள் வந்தார். பஸ்ஸில் வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. கணவருக்கு சிங்கப்பூர் துறைமுகத்தில் வேலை. வயிற்றில் கட்டி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை அறுவை சிகிச்சை. அதற்குள் போய்ச் சேர வேண்டும், கப்பல் ஆகாது. பாஸ்போர்ட் முன்பே எடுத்து வைத்திருந்தார்.

திருவனந்தபுரத்தில் ஏறி, திருச்சியில் கொஞ்சம் நின்று, மெட்ராஸில் இறங்கி ஓர் இரவு தங்கி, மறுநாள் சிங்கப்பூர் விமானம் என்று படித்துச் சொன்னேன். நடுவில் இறங்கினால் இடம் போய்விடாதா என்றார். "உங்க இடம் உங்களுக்குத்தான்" என்றேன். எதை நம்பிச் சொன்னேன் என்று இன்றும் தெரியாது. அவர் முகம் தெளிந்தது.

"அப்போ ஒரு தோர்த்தைப் போட்டுட்டு இறங்குவேன், இல்லியா மக்கா?"

தோளில் கிடந்த துண்டைத் தொட்டுக் காட்டினார். நானும் தலையாட்டினேன்.

தந்திக்காரர்

திருச்சி வழி மெட்ராஸுக்கு இடம் உறுதியாகிவிட்டது. அங்கிருந்து சிங்கப்பூருக்கு உறுதியாகவில்லை. அதை விட்டால் அடுத்த வாரம்தான் விமானம். இரண்டு நாள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் தந்திக்காரர் படியேறி வந்தார். உறையைப் பிரிக்க எனக்குக் கை வரவில்லை. அவரே பிரித்து, படித்து, என் முன்னால் வைத்தார்.

"சிரிக்கணும் கொச்சே, நல்ல சேதியாக்கும்."

கடையடைப்பு

புறப்படும் நாளில் பஸ் ஓடவில்லை. முதலாளி எங்கிருந்தோ ஒரு கார் பிடித்தார். ஞானம்மாள் என் கையை விடாததால் நானும் ஏறினேன். நெய்யாற்றின்கரைக்கு முன்னால் பத்திருபது பேர் கொடியோடு மறித்தார்கள். ஞானம்மாள்தான் தலையை வெளியே நீட்டி, "எனக்க மாப்பிள்ளை ஆஸ்பத்திரியில கிடக்காரு, மெட்ராஸ் வழி விமானத்துல சிங்கப்பூர் போணும்" என்றார். முன்னால் நின்றவர் டிக்கெட்டை வாங்கிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"வழி விடுங்கலே! நாம மெட்ராஸோட சேருறதுக்கு முந்தி இவளாவது போய்ச் சேரட்டும்!"

தோர்த்து

அன்று மாலை நாலு மணிக்கு மெட்ராஸிலிருந்த எங்கள் ஏஜெண்டிடமிருந்து தந்தி: "பயணியிடம் பாஸ்போர்ட் இல்லை. தோர்த்தில் என்கிறார். விளக்கவும்."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. எங்கள் பக்கத்தில் பஸ் நின்றதும் சன்னல் வழியாகத் தோர்த்தை எறிந்து இடம் பிடிப்பார்கள். காற்றில் பறக்காமலிருக்க முனையில் எதையாவது முடிந்திருப்பார்கள். திருச்சியில் எல்லோரும் காபி குடிக்க இறங்கியபோது ஞானம்மாள் அதைத்தான் செய்திருக்கிறார். திரும்பி வந்தால் இடம் அப்படியே இருந்தது. மெட்ராஸிலும் செய்துவிட்டு, நிம்மதியாகத் தங்குமிடம் போய்விட்டார். முடிச்சில் பாஸ்போர்ட். மறுநாள் போவது வேறு விமானம் என்பதை நான் அழுத்திச் சொல்லவே இல்லை.

தபாலாபீஸுக்கு ஓடினேன். "இன்று வந்த விமானத்தில் அவர் உட்கார்ந்த இடத்தில் தேடவும்" என்று எழுதித் தந்தி கொடுத்தேன். அந்த விமானம் விடிந்ததும் எங்கே பறக்கும் என்று யாருக்குத் தெரியும்? மறுநாள் மதியம்தான் பதில் வந்தது: "தோர்த்து கிடைத்தது. பயணி புறப்பட்டார்."

முதலாளி அதை இரண்டு தடவை படித்தார்.

"இனி டிக்கெட்டுக்க பின்னால தோர்த்தைப் பத்தியும் எழுதிக் குடு பிள்ளே."

எழுதிக் கொடுத்தேன், அதன் பிறகு வந்த எல்லோருக்கும்.

நாற்காலி

எட்டு மாதம் கழித்து ஒரு காலையில் ஞானம்மாள் படியேறி வந்தார். அலுவலகத்தில் கூட்டம். காலியாக இருந்தது ஒரே ஒரு நாற்காலி. கீழே மெலிந்த ஒருவர் கைப்பிடியைப் பிடித்தபடி, முதல் படியிலேயே மூச்சு வாங்க நின்றிருந்தார். ஞானம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்தார். தோளிலிருந்த தோர்த்தை எடுத்து அந்த நாற்காலியில் விரித்துப் போட்டுவிட்டு, அவரைக் கைபிடித்து ஏற்றிவரக் கீழே இறங்கினார்.