நன்றாக இருந்த கடைசிப் படம்

கடலுக்குப் போகலாம் என்று ஆரம்பித்தது, செராமிக் கம்பெனியில் சூளை வேலை பார்க்கும் என் நண்பன்தான். மணிமுத்தாற்றில் தண்ணீர் ஓடும்போதும், ஏரி நிறையும்போதும் தூண்டிலோடு போய் உட்கார்ந்துவிடுவான். கெண்டையும் கெளுத்தியும் பிடித்துப் பிடித்து அவனுக்கு அலுத்துப்போயிருந்தது. எங்கள் கூட்டத்தில் இன்னொருவன் மங்கலம்பேட்டைக்காரன், சவுதியில் ஏசி மெக்கானிக். அவன் லீவில் வந்த சமயம் பார்த்து, "உப்புத் தண்ணி மீன ஒரு தடவயாவது இழுத்துப் பாக்கணும்டா. நீ கேமராவ எடுத்துக்கிட்டு வந்துரு" என்று செராமிக் நண்பன் என்னிடம் சொன்னான்.

நான் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஸ்டுடியோ வைத்திருப்பவன். கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் சைஸ் படம் என்று பிழைப்பு ஓடுகிறது. மூன்று பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். முகூர்த்தம் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, மங்கலம்பேட்டையானின் காரில் கடலூர் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். அவனுக்குத் தெரிந்த மீனவர் ஒருவர் ஃபைபர் படகோடு காத்திருந்தார். ஐம்பது வயதிருக்கும், அதிகம் பேசாதவர். லைஃப் ஜாக்கெட்டைத் தூக்கிக் கொடுத்து, "கழட்டாம இருந்தா போதும்" என்றார். அவ்வளவுதான்.

படகு முகத்துவாரத்தைத் தாண்டியதுமே எனக்கு வயிற்றைப் புரட்ட ஆரம்பித்தது. உப்புக் காற்று படாமலிருக்க கேமராவை பிளாஸ்டிக் கவரில் சுற்றி வைத்திருந்தேன். கண்ணை அதில் வைத்தால் இன்னும் மோசமாக இருந்தது. ஓரமாகக் குனிந்து வாந்தி எடுத்தேன். செராமிக் நண்பன் என் முதுகைத் தட்டிக்கொண்டே சிரித்தான். "கல்யாண வூட்டு பிரியாணி தின்னு வளந்த ஒடம்புடா இது, எப்படித் தாங்கும்?" என்றான். நிமிர்ந்ததும் அவனை ஒரு படம் எடுத்தேன்; அந்தச் சிரிப்பு அதில் இருக்கிறது. முகம் முழுக்கச் சிரிப்பு, பின்னால் கரை ஒரு கோடாகத் தெரியும்.

கரை மறைந்த பிறகு மீனவர் இன்ஜினை அணைத்து நங்கூரம் போட்டார். கணவாயைத் துண்டு போட்டு இரையாகக் கோத்துக்கொடுத்தார். நைலான் நரம்பைக் கையிலேயே பிடித்து இறக்க வேண்டும், ஈயக்குண்டு தரையைத் தொட்டதும் கொஞ்சம் தூக்கிப் பிடிக்க வேண்டும். முதலில் சின்னச் சின்னதாகச் சங்கரா மீன் வந்தது. செராமிக் நண்பன் ஒவ்வொன்றுக்கும் கத்தினான். மங்கலம்பேட்டையான் போனில் அதை வீடியோ எடுத்து, சவுதியில் கூட இருப்பவர்களுக்கு அனுப்பப் பார்த்தான். சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைத்தது. என் வயிறும் கொஞ்சம் அடங்கியிருந்தது. நானும் நிறைய எடுத்தேன்.

அப்புறம் செராமிக் நண்பனின் நரம்பில் கனமாக ஏதோ மாட்டியது. எழுந்து நின்று இழுத்தான். வலது கையால் இழுத்ததை இடது கையால் பிடித்து நிறுத்த வேண்டும். இடது கையில் நரம்பு நிற்காமல் திரும்ப ஓடிக்கொண்டே இருந்தது. "என்னாடா இது, கை மரத்துப்போச்சு" என்று கையை உதறினான். மங்கலம்பேட்டையான் பாய்ந்து நரம்பைப் பிடித்துக்கொண்டான். இரண்டு பேருமாக இழுத்துப் போட்டார்கள். முழங்கை நீளத்துக்கு ஒரு பாறை மீன், வெள்ளித் தகடு மாதிரி படகில் கிடந்து துடித்தது.

"எடுடா, எடுடா" என்றான் செராமிக் நண்பன். மீனை இரண்டு கையாலும் ஏந்தி நெஞ்சுக்கு நேரே பிடித்தான். இடது பக்கம் நழுவி விழுந்தது. எடுத்துப் பிடித்தான், மறுபடியும் விழுந்தது. எல்லோரும் சிரித்தோம், நானும்தான். மீனவர்கூடச் சிரித்தார். கடைசியில் வலது கையால் மீனைத் தோளோடு அணைத்துக்கொண்டு நின்றான். நான் குறி பார்த்து ஒரு படம் எடுத்தேன். ஸ்டுடியோவில் தினமும் வாயில் வருகிற வார்த்தைதான் அப்போதும் வந்தது.

"கொஞ்சம் நேரா சிரிடா."

"நேராத்தானடா சிரிக்கிறேன்."

வார்த்தை கொழகொழவென்று வந்தது. கேமராவை இறக்கிவிட்டு அவனைப் பார்த்தேன். வெயில் முகத்தில் அடித்ததால் ஒன்றும் நிச்சயமாகத் தெரியவில்லை. எடுத்த படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். வாயின் வலது ஓரம் மேலே போயிருந்தது. இடது ஓரம் அப்படியே தொங்கியது. பின்னால் நகர்த்தி, என் முதுகைத் தட்டியபோது எடுத்த படத்துக்குப் போனேன். அதில் இரண்டு ஓரமும் ஒரே மட்டம்.

பென்ஷனுக்குப் படம் எடுக்க என் ஸ்டுடியோவுக்கு ஒரு பெரியவரைக் கைத்தாங்கலாகக் கூட்டி வருவார்கள். பக்கவாதம் வந்தவர். அவர் முகத்தை எந்தப் பக்கம் திருப்பி எடுப்பது என்று ஒவ்வொரு முறையும் தடுமாறுவேன். அந்த முகம்தான் இப்போது என் திரையில் இருந்தது.

"அண்ணே, கரைக்குத் திரும்பணும்" என்றேன்.

"தல சுத்துதா? எலுமிச்சம்பழம் இருக்குது, மோந்து பாருங்க."

"எனக்கு இல்லண்ணே. இவனுக்கு." இரண்டு படத்தையும் அவரிடம் காட்டினேன். அவர் திரையை ஒரு முறை, அவனை ஒரு முறை பார்த்தார். போய் நங்கூரக் கயிற்றை இழுக்க ஆரம்பித்தார்.

செராமிக் நண்பனுக்குத்தான் கோபம் வந்தது. "எதுக்குடா திருப்புறீங்க? இப்பத்தான் மீனே வருது. எனக்கு ஒண்ணுமில்லடா" என்று குழறினான். இரண்டு கையையும் தூக்கச் சொன்னேன். வலது கை மேலே போனது. இடது கை மடியிலேயே கிடந்தது. "தூக்கிட்டேன்ல, பாத்தியா?" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. இடது கையும் மேலேதான் இருக்கிறது என்று நம்பினான். அதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது. மங்கலம்பேட்டையான் அவனைச் சாய்த்துத் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டான். அப்படியே உதட்டுக்குள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தான்.

திரும்பி வரும் வழியெல்லாம் போனைத் தூக்கித் தூக்கிப் பிடித்தேன். சிக்னல் கிடைத்ததும் 108-ஐக் கூப்பிட்டேன். ஒருவேளை நான்தான் தப்பாகப் பார்த்துவிட்டேனோ, வெறும் மயக்கமாக இருக்குமோ என்றும் இடையிடையே தோன்றியது. அப்படியே இருந்துவிட வேண்டும் என்றுதான் விரும்பினேன். கரையில் இறக்கும்போது அவன் இடது கால் மணலில் கோடு போட்டுக்கொண்டு வந்தது. 108 வண்டியில் அவனோடு நான் ஏறிக்கொண்டேன், மங்கலம்பேட்டையான் காரில் பின்னாலேயே வந்தான்.

ஆஸ்பத்திரியில் டியூட்டியில் இருந்தவர் ஒரு பெண் டாக்டர். ஸ்கேனுக்கு அனுப்பிவிட்டு எங்களிடம் வந்தார். "எப்ப ஆரம்பிச்சுது? கடைசியா நல்லா இருந்தது எப்ப? சரியா சொல்லுங்க. அத வச்சுத்தான் ரத்தக் கட்டியக் கரைக்கிற ஊசி போடலாமா வேணாமான்னு முடிவு பண்ண முடியும். நாலரை மணி நேரம் தாண்டிட்டா போட முடியாது."

கடலில் யார் மணி பார்த்தார்கள்? அப்புறம்தான் கழுத்தில் தொங்கிய கேமரா ஞாபகம் வந்தது. எடுத்த ஒவ்வொரு படத்திலும் நேரம் பதிந்திருக்கும். டாக்டரிடம் காட்டினேன். அவர் ஒவ்வொன்றாக நகர்த்தினார். "இதுல நல்லா இருக்காரு. இதுலயும்... இதுல கை தொங்குது." ஒரு படம் பின்னால் போய் நிறுத்தினார். "இதுதான் கடைசி. உங்க கேமரா கடிகாரம் சரியா இருக்குமா?" கல்யாண வேலைக்காக அதை எப்போதும் போனோடு ஒத்துப் பார்த்து வைத்திருப்பேன் என்றேன். அவர் தன் போனை எடுத்து ஒரு முறை சரிபார்த்துக்கொண்டு உள்ளே ஓடினார். ஊசி போட இன்னும் நேரம் இருந்தது. போட்டார்கள்.

சாயங்காலம் அவன் மனைவி பஸ் பிடித்து வந்து சேர்ந்தாள். என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "குடிச்சீங்களாண்ணா? என்கிட்ட உண்மையச் சொல்லுங்க."

"சத்தியமா இல்லம்மா."

மங்கலம்பேட்டையானும், "அல்லா மேல ஆணையா இல்ல தங்கச்சி" என்றான். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. "பிரஷர் மாத்திர சாப்புடுங்கன்னு கத்துறேன். சூளைகிட்ட நிக்கிறவனுக்கு வேர்வையிலயே எல்லாம் போயிரும்ங்குறாரு" என்று சொல்லிவிட்டு, சுவர் ஓரமாக உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவள் பக்கத்தில் கேமராவோடு நிற்க எனக்குக் கூச்சமாக இருந்தது. காரில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன்.

அவன் பிழைத்தான். பேச்சு திரும்பியது. கால் லேசாக இழுத்தாலும் நடக்கிறான். இடது கை விரல்கள் மட்டும் மூட வரவில்லை. கம்பெனியில் பழைய வேலை இல்லை. கேட்டில் நாற்காலி போட்டு, வருகிற லாரிகளைப் பார்த்து அனுப்பும் வேலை கொடுத்திருக்கிறார்கள். முகத்தில் கொஞ்சம் கோணல் நின்றுவிட்டது. தெரியாதவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரிகிறது. எதிரில் உட்கார்ந்து டீ குடிக்கும்போது என் கண் தானாக அங்கே போகிறது. அவனும் அதைக் கவனிக்கிறான்.

சில மாதம் கழித்து ஒருநாள், மாற்றுத்திறனாளி அட்டைக்குப் படம் வேண்டும் என்று ஸ்டுடியோவுக்கு வந்தான். ஸ்டூலில் உட்கார்ந்ததும், "இதுக்குச் சிரிக்கக் கூடாதுல்ல?" என்று கேட்டான். வேண்டாம் என்றேன். எடுத்து முடித்ததும், "அன்னிக்கு கடல்ல எடுத்தது இருக்குதா?" என்றான்.

ஆஸ்பத்திரிக்குப் பிறகு யாருக்கும் காட்டாமல்தான் வைத்திருந்தேன். கம்ப்யூட்டரில் திறந்து கொடுத்துவிட்டு, வேலை இருப்பதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். பாறை மீனை அணைத்துக்கொண்டு நிற்கிற படத்தில் ரொம்ப நேரம் நின்றான்.

"நல்லா சிரிச்சிட்டு இருக்கேன்னுதான்டா நெனச்சேன்" என்றான். "டாக்டரம்மா ஒரு படம் பாத்து நேரம் சொன்னாங்களாமே. அது எது?"

காட்டினேன். அதைப் படம் என்றே சொல்ல முடியாது. மீனவரின் முழங்கை பாதியை மறைத்திருக்கும். அவன் குனிந்து கணவாய்த் துண்டைக் கொக்கியில் குத்திக்கொண்டிருக்கிறான். இடது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கொக்கியை இறுக்கிப் பிடித்திருக்கின்றன. முகம் பக்கவாட்டில்தான் தெரியும்.

"இத பிரிண்ட் போட்டுக் குடு. வூட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்."

"நல்ல படம் நெறைய இருக்குதுடா. வேற குடுக்கிறேன்."

"இதான் வேணும்."

போட்டுக் கொடுத்தேன். போன வாரம் அவன் மனைவி போன் செய்தாள். "ஏண்ணா அந்தப் படத்தக் குடுத்தீங்க? பீரோவுல துணிக்கு அடியில வச்சிருக்காரு. நான் இல்லாதப்ப எடுத்து வச்சிக்கிட்டு, அதே மாதிரி வெரல மடக்கி மடக்கிப் பாக்குறாரு. பசங்க பாத்துட்டு வந்து சொல்லுதுங்க."

"பிசியோதெரபியில சொன்ன பயிற்சியா இருக்கும்மா" என்றேன்.

"அழுதுகிட்டே யாராவது பயிற்சி செய்வாங்களாண்ணா?"

வந்து பேசுகிறேன் என்று சொல்லி போனை வைத்தேன். நாலைந்து நாளாகிறது. இன்னும் போகவில்லை.