பூட்டிய கதவின் வீடியோ

அக்கா போட்ட வீடியோவால் பேக்டரியையே இழுத்து மூடிவிட்டார்களாம், முதலாளி அவள் காலில் விழாத குறையாம். இங்கே என்னோடு வேலை பார்ப்பவரின் மச்சினிக்கு யாரோ சொல்லி, அவர் என்னிடம் சொன்னது. அக்கா என்றால் என் சித்தி மகள். ஏற்றுமதிச் சட்டைகளுக்குக் காலர் வைத்துத் தைப்பவள். பதறிப்போய் அவளை அழைத்தேன்.

"மூடினாங்களா? நல்லா மூடினாங்க போ," என்றாள்.

அவர்கள் தையல் கூடத்தில் தீப்பிடித்தால் வெளியேற ஒரு பின்கதவு உண்டு. துணி திருட்டுப் போகிறதென்று அதற்குப் பூட்டுப் போட்டு, முன்னால் அட்டைப்பெட்டிகளையும் அடுக்கிவிட்டார்கள். ஒருநாள் இஸ்திரி மேசையிலிருந்து புகை கிளம்ப, பெண்கள் எல்லாரும் அந்தக் கதவில் போய் முட்டிக்கொண்டு நின்றார்கள். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதன்பின் அக்காவுக்குத் தூக்கம் போயிற்று. சாப்பாட்டு வேளையில் யாரும் இல்லாதபோது அந்தப் பூட்டைப் போனில் பிடித்து, பெயரில்லாத ஒரு கணக்கிலிருந்து போட்டாள்.

முகம் வரக்கூடாது, குரல் வரக்கூடாது என்று அத்தனை கவனம். அவள் இடத்திலிருந்து பார்த்தால் கதவைத் தூண் மறைக்கும். அதனால் பக்கத்து மிஷின்காரியின் ஸ்டூலில் உட்கார்ந்து எடுத்தாள். மர ஸ்டூல் இடுப்பைக் கொல்லும் என்று அங்கே ஒவ்வொருத்தியும் வெட்டுத்துணியில் தனக்கென்று ஒரு மெத்தை தைத்துக் கட்டியிருப்பாள். போனைத் தாழப் பிடித்ததில் அந்த மெத்தையின் முனை படத்தில் விழுந்துவிட்டது. மஞ்சளும் ஊதாவுமாக ஒட்டுப்போட்டது. யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், அது கத்தரியுடையது என்று. வாய் அப்படி வெட்டும் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். அக்காவுக்கு அங்கே இருந்த ஒரே சிநேகிதி.

வீடியோ தீயாய்ப் பரவியது. முகம் தெரியாதவர்கள் எல்லாம் கதவைத் திற, கதவைத் திற என்று எழுதினார்கள். ஆய்வுக்கு ஆள் வரும் என்றதும் கதவைத் திறந்து பச்சைப் பெயின்டும் அடித்தார்கள். அதே வாரம் சூப்பர்வைசர் வீடியோவை அந்த மெத்தை தெரியும் இடத்தில் நிறுத்தி, கத்தரியின் முகத்துக்கு நேரே நீட்டினார். அவள் அக்காவை ஒரு தடவை பார்த்தாள். பிறகு, யார் எடுத்ததோ தனக்குத் தெரியாது என்றாள். அக்கா தலை குனிந்து தைத்துக்கொண்டிருந்தாள். அன்றே கத்தரியை வெளியே அனுப்பினார்கள்.

அந்தக் 'கதவைத் திற' போராட்டத்தை இணையத்தில் நடத்தியவர்களிடம் அக்கா உண்மையைச் சொன்னாள். இப்போது பேசினால் எல்லாம் கெட்டுவிடும், பொறுங்கள் என்றார்கள். பொறுத்தாள். அதற்குள் யாரோ கத்தரியின் போட்டோவைத் தேடிப்பிடித்து வீரப்பெண் என்று போட, கைதட்டல் குவிந்தது. அந்தப் போட்டோ மற்ற பேக்டரிகளின் வாசல் காவலாளி வரைக்கும் போயிற்று. எந்த வாசலிலும் அவளை உள்ளே விடவில்லை.

அக்கா அவள் அறைக்குப் போனாள். கத்தரி கதவைப் பாதிதான் திறந்தாள்.

"உலகமே என்னைப் பாராட்டுதுடி. நீயும் ஒரு லைக் போட்டுட்டுப் போ."

மறுநாள் அக்கா மேனேஜரிடம் போய், எடுத்தது நான்தான், அவளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றாள். அப்படியானால் இரண்டு பேரும் கூட்டுத்தானா என்று கேட்டு, அவளையும் அனுப்பிவிட்டார். கத்தரிக்கு வேலை திரும்பவில்லை. இணையத்துக்காரர்களுக்கு எழுதினாள், அவர்கள் அதற்குள் ஏதோ ஒரு நடிகரின் பேச்சுக்குக் கொதிக்கப் போயிருந்தார்கள். பின்கதவின் முன்னால் மறுபடி பெட்டிகள் ஏறிவிட்டன என்று உள்ளே இருப்பவர்கள் சொல்கிறார்களாம். அதை வீடியோ எடுக்க இப்போது அங்கே யாருக்கும் துணிச்சல் இல்லை.

கத்தரி பிள்ளைகளோடு அறையைக் காலி செய்துவிட்டாள். எங்கே போனாள் என்று தெரியாது. அக்காவின் எண்ணை அவள் தடுத்து வைத்திருக்கிறாள். அதனால் நேற்று என்னோடு வீடியோவில் பேசிக்கொண்டே, அத்தானின் போனிலிருந்து அவளுக்கு அடித்தாள். எடுத்தால் என்ன சொல்லப் போகிறாய் என்று கேட்டேன்.

"நீ கொஞ்சம் சும்மா இரு. ரிங் போகுது," என்றாள்.