சகலன் தந்த நாலாவது பெட்டி

என் மூக்குக்குத் தெரியாமல் எந்தக் கெட்ட காற்றும் எங்கள் வீட்டுக்குள் வரமுடியாது என்று ஐம்பத்திரண்டு வயது வரை நம்பியிருந்தேன். சந்தியில் சைக்கிளை விட்டு இறங்கும்போதே யார் வீட்டில் என்ன மீன் பொரிகிறது என்று சொல்லிவிடுவேன். இப்படி ஒரு மூக்கு இருக்கிறவனுக்கு மிஷின் எதற்கு?

மிஷின் முதலில் வந்தது சகலன் வீட்டுக்கு. மாமனார் தன் வளவை இரண்டாகப் பிரித்து இரண்டு மகள்மாருக்கும் சீதனமாகக் கொடுத்ததால், என் மனைவியின் அக்காவும் அவரின் கணவரான இந்தச் சகலனும் வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள். லண்டனில் இருந்து லீவில் வந்த அவருடைய மகன், வீட்டுச் சீலிங் எங்கும், புகையோ நெருப்போ வந்தால் அலாரம் அடிக்கிற, இடியப்பத் தட்டு அளவு வெள்ளைப் பெட்டிகளைப் பூட்டிவிட்டுப் போனான். ஒன்று அடித்தால் எல்லாம் சேர்ந்து அடிக்கும். வீட்டுக்கு யார் வந்தாலும் தேத்தண்ணிக்கு முதல் சகலன் வீடு கூட்டுகிற தும்புத்தடிப் பிடியால் ஒரு பெட்டியின் பொத்தானை அமத்துவார். வீடு முழுவதும் கத்தும். எனக்கு வயிறு எரியும். அந்த எரிவைப் பிடிக்கிற பெட்டி மட்டும் அவரிடம் இருக்கவில்லை.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. கொழும்பில் இருக்கிற எங்கள் ஒரே மகள் தலைப்பிள்ளைப் பேற்றுக்கு வீட்டுக்கு வருகிற நேரம். மருமகன் போனில் பயபக்தியோடு கேட்டார், "மாமா, அங்கை பிள்ளைப்பெத்த அறையிலை தணல் எல்லாம் வைப்பினமாமே, வீட்டிலை அலாரம் ஏதும் இருக்கோ?"

நான் வாயைத் திறக்க முதல் மனைவி போனைப் பறித்தாள். "அக்கா வீட்டிலை எல்லாம் இருக்கு தம்பி. வேணுமெண்டால் பிள்ளை அங்கையே நிக்கட்டும்."

என் பேரப்பிள்ளை, துடக்குக் கழிகிற முப்பத்தொரு நாளும் சகலன் வீட்டில்! அவர் மடியில் வைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்குப் பிள்ளையையும் பெட்டியையும் ஒன்றாகக் காட்டுவார். அந்தக் காட்சி கண்ணுக்குள் வந்தபோதே நான் சைக்கிளை எடுத்துவிட்டேன்.

மருதனார்மடத்தில் ஒரு கடையில் ஒன்று, யாழ்ப்பாணம் டவுனில் இரண்டு கடைகளில் இரண்டு என்று மலிவாக மூன்று பெட்டிகள் வாங்கினேன். மூன்றும் மூன்று கொம்பனி. மூன்றும் புகைக்கு அடிக்கிறவை. ஒன்றைக் குசினியிலும் மற்ற இரண்டை விறாந்தையிலும் அறைப் பக்கத்திலும் பூட்டினேன். அன்று மத்தியானம் கடுகு வெடித்ததும் குசினிப் பெட்டி கத்தியது. மீன் பொரிக்கும்போதும் கத்தியது. இரவு அப்பளத்துக்கும் கத்தியது. மற்ற இரண்டும், அடுத்த வீட்டுச் சண்டை மாதிரி, கேட்டும் கேளாமல் இருந்தன.

வேலிக்கு மேலால் சகலனின் தலை தெரிந்தது. "என்ன ஐசே, சமையல் முடிஞ்சுதெண்டு ஊருக்கு அறிவிக்கிறீரோ?"

"இல்லை அண்ணை, ரெஸ்ற் பண்ணிப் பாக்கிறன்."

"மூண்டு நேரமும் ரெஸ்றோ? குசினிக்குப் புகைப்பெட்டி சரிவராது, சூட்டுக்கு அடிக்கிறதெல்லே பூட்டவேணும். புகைப்பெட்டி விறாந்தைக்கும் அறைப் பக்கத்துக்கும். ஒரே கொம்பனியா இருந்தால்தான் ஒண்டோடை ஒண்டு கதைக்கும்."

அவர் சொன்னது முழுக்கச் சரி. அதுதான் தாங்கமுடியவில்லை. இரண்டு நாள் வேண்டுமென்றே பிந்தி, மூன்றாம் நாள் அவர் சொன்னபடியே ஒரு செட் வாங்கினேன். குசினிக்குச் சூட்டுப்பெட்டி ஒன்று, புகைப்பெட்டி இரண்டு. கடைக்காரர் நாலாவதாக ஒன்றைக் காட்டினார், காபனோரொட்சைட்டுக்கு. அறையைப் பூட்டிக்கொண்டு தணலோ ஜெனரேற்றரோ வைத்தால் உண்டாகிற, ஆளைக் கொல்லுகிற வாயுவாம்.

"அதை நான் மணந்து பிடிப்பன்," என்றேன்.

"அதுக்கு மணமில்லை ஐயா."

"உங்கடை மூக்குக்கு இல்லை," என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மகள் எங்கள் வீட்டுக்கே வந்தாள். பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியால் வந்த மறுநாளே சகலன் பரிசோடு வந்தார். மற்றவர்கள் சட்டை கொண்டுவருவார்கள், வெள்ளிக் கிண்ணம் கொண்டுவருவார்கள். அவர் கொண்டுவந்தது அந்த நாலாவது பெட்டி!

"உம்மடை செட்டோடை சேரக்கூடியதாப் பாத்துத்தான் வாங்கினனான்," என்று தானே கதிரையில் ஏறி, மகளின் அறையில் பூட்டி, என் மற்றப் பெட்டிகளோடு இணைத்தும் விட்டார். "பெரியப்பாவுக்கு என்ன மூளை," என்றாள் மகள். ஆள் போனதும் கழற்றலாம் என்று கதிரையில் ஏறினேன். மனைவி பார்த்த பார்வையில் இறங்கிவிட்டேன்.

பதினோராம் நாள் காலை. மகளுக்கு மருந்துத் தண்ணி வார்த்து, குழந்தையையும் குளிப்பாட்டி முடிந்தது. தலைமயிர் காய்வதற்குச் சிரட்டைத் தணலில் சாம்பிராணி போட்டுச் சட்டியை மகளும் குழந்தையும் இருக்கிற அறைக்குக் கொண்டுபோய் வைப்பது என் வேலை. புகை சுருண்டு விறாந்தைப் பக்கம் போனது. அங்கே புகைப்பெட்டி. அது அடித்தால் வேலிக்கு மேலால் அந்தத் தலை வரும். நான் யன்னலையும் சாத்தி, அறைக் கதவையும் சாத்தி, கதவின் கீழ் இடுக்கில் நான் உடுத்துப் பழசான சாரம் ஒன்றையும் அடைத்தேன். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு கிணற்றடிக்குப் போய் வாளிகளைக் கழுவத் தொடங்கினேன்.

கொஞ்ச நேரத்தில் வீடு முழுவதும் ஒன்றாக அலறியது. நான் ஒரு வாளி தண்ணீரோடு குசினிக்குள் பாய்ந்து, எரியாத அடுப்பில் முழுவதையும் ஊற்றினேன். பிறகு மெயின் சுவிச்சை நிறுத்தினேன். பற்றரியில் ஓடுகிற பெட்டிகள் அலறிக்கொண்டே இருந்தன. பிறகு, ஏன் என்று இன்றுவரை தெரியாது, அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினேன்.

சகலன் வேலிப் பொட்டுக்குள்ளால் புகுந்து வந்தார். "அரிசியை வையும் காணும்! பிள்ளை எங்கை?"

அவரும் மனைவியும் அறைக் கதவைத் தள்ளித் திறந்தார்கள். மனைவி குழந்தையைத் தூக்கினாள். அவர் மகளைப் பிடித்து வெளியே கொண்டுவந்தார்.

"தலை இடிக்குது அப்பா," என்றாள் மகள். "நித்திரை நித்திரையா வந்தது."

நான் அறைக்குள் தலையை நீட்டி என் மூக்கால் இழுத்துப் பார்த்தேன். சாம்பிராணிப் புகை அடங்கிவிட்டது. வேறு ஒரு மணமும் இல்லை.

இருவரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிந்தவில்லை, பயமில்லை என்றார்கள். மகள் முப்பத்தொன்று வரை எங்கள் வீட்டிலேயே இருந்தாள், கதவையும் யன்னலையும் திறந்துவைத்துக்கொண்டு. அன்று வீட்டில் எதுவும் பற்றி எரியவில்லை. அறைக்குள் அரைச் சட்டி சிரட்டைத் தணல் இருந்தது. கதவைச் சாத்தியவன் நான். முதலில் அடித்தது சகலன் பூட்டிய பெட்டி.