ஓணத்துக்குப் பூக்காத செடி

அன்றைக்கு வீட்டில் அப்பா இருந்தார். அத்தை இருந்தாள். அத்தையின் இடுப்பில் அவளுடைய கைக்குழந்தை இருந்தது. வாசலில் வீட்டுக்காரரின் மூத்த மகள் இரட்டைச் சடையோடு நின்று எட்டிப் பார்த்தாள். நான் கதவுக்குப் பின்னால் இருந்தேன். கடைசியாகச் சித்தி உள்ளே வந்தாள். ஒரு கையில் தகரப் பெட்டி. இன்னொரு கையில், நனைந்த சாக்குத் துண்டில் சுற்றிய நாலைந்து குச்சி.

அம்மா இறந்து ஒரு வருஷம் கழித்து, அப்பா திருநெல்வேலிச் சீமையில், மழை காணாத ராதாபுரம் பக்கம் போய்க் கல்யாணம் பண்ணிக்கொண்டு திரும்பிய நாள் அது. திருவனந்தபுரத்தில் ஆரியசாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்களுக்கு ஒன்றரை அறை. அப்பா மிளகாய் மண்டியில் மூட்டை தூக்கினார். அவருடைய சட்டை தொங்கினாலே வீடு முழுக்கத் தும்மும். புதுப்பெண் வந்து நின்றதும் செய்த முதல் காரியம் தும்மியதுதான்.

அத்தை குச்சிகளைப் பார்த்தாள். "பொண்ணு சீர் கொண்டாந்திருக்கா பாரு. வெறகு!"

"டிசம்பர் பூச்செடி மதினி," என்றாள் சித்தி. 

எங்கள் சந்தில் எங்கே குச்சி ஊன்றினாலும் முளைக்கும். மழை அப்படி. சித்தியோ ஓட்டை விழுந்த எண்ணெய் டின் ஒன்றை எடுத்தாள். அடியில் உடைந்த ஓடு, மேலே மணல் கலந்த மண். அதில் குச்சிகளை ஊன்றி, கூரைக்கு அடியில் சாரல் படாத சுவரோரமாக வைத்தாள். வானம் சும்மா கொட்டுகிற ஊரில் செடியை மழைக்கு ஒளித்து வைத்தவள் அவள் ஒருத்திதான். கிணற்றடியில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். சித்திக்கு மலையாளம் தெரியாது. எல்லாரும் சிரித்தால் அவளும் கொஞ்சம் பிந்திச் சிரிப்பாள்.

எனக்கு மலையாளம் தெரியும். தெரிந்தும் கூட்டு இல்லை. வீட்டுக்காரரின் பிள்ளைகள் விளையாடும்போது நான் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பந்து என் பக்கம் வந்தால் எடுத்துக் கொடுப்பேன். அவ்வளவுதான்.

ஆடி மாதம் அவர்கள் ஓணத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். அத்தம் நாள் தொடங்கித் திருவோணம் வரை தினமும் வாசலில் பூவாலேயே கோலம், பூக்களம், போடுவார்கள். நானும் வரட்டுமா என்று மூத்த மகளிடம் கேட்டேன்.

"வாங்ஙிய பூ வேண்டா. நின்றெ வீட்டிலெ பூ கொண்டுவா, அப்போள் கூட்டாம்," என்றாள்.

சாலைக் கடைத்தெருவில் தோவாளைப் பூ கூடை கூடையாக வந்து இறங்கும். அது செல்லாது. சொந்தச் செடியில் பறித்துக் கொண்டுபோனால்தான் சேர்த்துக்கொள்வார்கள். எங்களுக்கு இருந்தது அந்த டின் ஒன்று. "எங்க செடி பூக்கும்," என்று சொல்லிவிட்டு வந்தேன். செடியின் பேரிலேயே மாதம் இருந்தது. எனக்கு அது உறைக்கவில்லை. தண்ணீர் ஊற்றினால் எதுவும் சீக்கிரம் வரும் என்று நினைத்தேன்.

தினமும் காலையில் யாருக்கும் தெரியாமல் ஒரு செம்பு ஊற்றினேன். இலை மஞ்சளாயிற்று. இன்னும் ஊற்றினேன். ஒரு நாள் சித்தி பின்னால் வந்து செம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, ஊத்தாத. வேரு அழுவிரும். எங்க ஊர்ல இதுக்கு யாரு தண்ணி காட்டுனா? காஞ்சு கெடந்துதான் மார்கழியில பூக்கும்."

"எனக்கு ஓணத்துக்கு வேணும்."

"அதுக்கு ஓணம் தெரியாதுட்டி. நம்மூர்ச் செடில்லா."

"நான் இந்த ஊரு," என்றேன்.

அவள் செம்பைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனாள். மறுநாள் பார்த்தால், டின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, புதிதாகத் துளிர்த்த நுனிகளை ஒவ்வொன்றாகக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். அத்தையிடம் ஓடினேன்.

"உனக்குப் பூத்திரக் கூடாதுன்னே கிள்ளுதா," என்றாள் அத்தை. அத்தை எதையும் யோசித்துச் சொல்கிறவள் அல்ல. நான் நம்பினேன்.

அத்தத்தன்று வெறுங்கையோடு போனேன். "பாண்டிச் செடி பூத்தோ?" என்று மூத்த மகள் கேட்டாள். தமிழர்களுக்கு அவர்கள் வைத்த பேர் பாண்டி. பிள்ளைகள் சிரித்தார்கள். இல்லை என்றேன். "அவிடெ நின்னு கண்டோ," என்று தூணைக் காட்டினாள். நின்று பார்த்தேன். தினமும் ஒரு வட்டம் கூடிக்கொண்டே போயிற்று. திரும்பினால் எங்கள் வீட்டுக் கதவிடுக்கில் சித்தியின் முகம் இருக்கும். அவளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அதன் பிறகு நான் அவளோடு பேசவில்லை. அவளும் கெஞ்சவில்லை. சோறு வைப்பாள். தின்பேன்.

ஐப்பசி மழையில் வீட்டுக்காரர் வாசலில் இருந்த செடிகள் தலை சாய்ந்தன. கூரைக்கு அடியில் இருந்தது அப்படியே நின்றது. கிள்ளிய இடத்திலெல்லாம் இரண்டிரண்டாகக் கிளை விட்டிருந்தது. நான் பார்த்தும் பார்க்காதது போலப் போனேன்.

கிறிஸ்துமஸ் லீவுக்கு வீட்டுக்காரரின் பிள்ளைகள் ஆற்றிங்கலில் பாட்டன் வீட்டுக்குப் போய்விட்டார்கள். சந்தில் சத்தமே இல்லை. ஒரு நாள் காலையில் கதவைத் திறந்தால் டின் தெரியவில்லை. ஊதாப் பூ மூடியிருந்தது. மணம் கிடையாது. இருந்தும் எங்கிருந்தோ தேனீ வந்தது, கருவண்டு வந்தது, மஞ்சளாகச் சின்ன வண்ணத்துப்பூச்சி வந்தது. மனிதர் வந்து நிற்காத வாசலில் அன்று அவ்வளவு நடமாட்டம்.

சித்தி சுளகோடு வந்தாள். "பறி. ஓணம் போடு."

"ஓணம் போயிருச்சு."

"அவுங்களுக்குப் போயிருச்சு. நமக்கு இப்பத்தான்."

பறித்தோம். அவள் சாணி மெழுகி, கரித்துண்டால் வட்டம் கீறினாள். வட்டத்துக்குள் வட்டமாகப் பூ வைத்தோம். ஊதாவுக்குள் ஊதா. ஒரே நிறத்தில் என்ன தெரியும்? அவளோ சேலையைச் செருகிக்கொண்டு, நாக்கை ஒரு ஓரமாகத் துருத்திக்கொண்டு, ஒரு இதழ் விலகினாலும் மறுபடி எடுத்து வைத்தாள். தேனீக்கள் செடியை விட்டுத் தரைக்கு வந்தன.

நடுவில் வைக்க ஒரு கைப்பிடிப் பூ மிச்சம். நான் கையை நீட்டினேன். அவள் சுளகை இழுத்துக்கொண்டாள்.

"நடுவுல நான்தான் வைப்பேன்."

"என் ஓணம்!"

"என் செடில்லா!"

"நீங்க பெரியவங்க."

"இருந்துட்டுப் போறேன். தரமாட்டேன்."

ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்தோம். சுளகு கவிழ்ந்து பூ மண்ணில் கொட்டியது. சித்தியின் கண் நிறைந்துவிட்டது.

"எட்டு வயசுப் பிள்ளகூட மல்லுக்கு நிக்கா பாரு, பொம்பள!" என்று அத்தை உள்ளேயிருந்து கத்தினாள்.

சித்தி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மண்ணில் கிடந்த பூவை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். ஊதி ஊதி நடுவில் வைத்தாள். எல்லாவற்றையும் அவளே வைத்து முடித்த பிறகுதான் எழுந்தாள்.

ஒரு பெரிய மனுஷி கைப்பிடிப் பூவுக்காக ஏன் அழவேண்டும் என்று எனக்குப் பிடிபடவில்லை. கல்யாணம் ஆனவர்கள் எல்லாருக்கும் ஒரே வயது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சித்தியின் வயது அப்போது பத்தொன்பது.