கையைத் தூக்கிய ஜெயந்தினி

பொகவந்தலாவைக்கு மேலே, ஜெயந்தினி வேலை செய்யும் தேயிலைத் தோட்டத்து மைதானம் மலையை வெட்டி எடுத்த ஒரு துண்டு நிலம். ஒரு பக்கம் மண்திட்டு, மறுபக்கம் பள்ளம், பள்ளத்தின் அடியில் ஆறு. உதைத்த பந்து தேயிலைக்குள் உருண்டு ஆற்றில் போய் விழுந்துவிடும் என்பதால், வலைக்கு மேலாகக் கையால் அடித்தாடும் கரப்பந்தில் கால் படக்கூடாது என்று யாரோ ஒருவர் எப்போதோ சட்டம் போட்டுவிட்டார். போட்டவர் யாரென்பது மறந்துபோயிற்று, சட்டம் மட்டும் நின்றுவிட்டது. உலகம் முழுக்க அப்படித்தான் ஆடுகிறார்கள் என்று தோட்டமே நம்பியது. ஜெயந்தினியும் நம்பினாள்.

கொழுந்து பறிக்கிற ஜெயந்தினி காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் வாயே திறக்கமாட்டாள். வலைக்கு முன்னால் நின்றாலோ ஊரைக் கூட்டிவிடுவாள். இரண்டு பிள்ளை பெற்ற பிறகும் அவள் ஆட்டத்தை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்காகவே மற்ற நாட்களைத் தள்ளுகிறேன் என்பாள்.

போன வருடம் டிக்கோயாவில் இறுதிப் போட்டி. ஒரு புள்ளி விட்டால் தோல்வி என்ற நிலை. தரையைத் தொடப்போன பந்துக்கு அவள் கால் தன்னால் நீண்டது. பந்து அழகாக மேலே எழும்பியது. பொய் சொல்லத் தெரியாதவள் அல்லவா, யாரும் கேட்காமலே கையைத் தூக்கி, "என் கால்ல பட்டுருச்சுங்க" என்றாள். அணியும் அப்படியே நின்றுவிட்டது. பந்து அவர்கள் பக்கமே விழுந்த பிறகுதான் நடுவர் விசில் ஊதினார்.

அன்றிலிருந்து அவள் "காலால ஒதச்சுக் கப்ப விட்டவ" ஆகிவிட்டாள். கொழுந்து நிறுக்கிற இடத்தில்கூட அந்தப் பேச்சு ஓயவில்லை. அணித் தலைவி வீரம்மா முகம் கொடுத்துப் பேசவில்லை. ஜெயந்தினி மைதானத்துப் பக்கம் போவதை விட்டாள். ஞாயிற்றுக்கிழமை லயத்து வீட்டு வாசலில் துணி துவைக்கும்போது பந்து அடிபடும் சத்தம் காதில் விழும்.

பல மாதம் கழித்து, மகனுக்குப் பள்ளிச் சட்டைத் துணி எடுக்க பசாருக்குப் போனாள். துணிக்கடை ஷப்னா பாடசாலை அணியில் கரப்பந்து ஆடியவள், அந்த இறுதிப் போட்டியையும் பார்க்க வந்திருந்தாள்.

"அன்னைக்கு ஏன் அக்கா கைய தூக்கினீங்க?" என்று ஷப்னா கேட்டாள்.

"காலுல பட்டா பிழைதானேங்க?"

"யாரு சொன்னா? ஒடம்புல எங்க பட்டாலும் ஆடலாம். நீங்க நல்லா எடுத்த பந்து அது. எல்லாரும் நின்னுட்டீங்க, அதான் போச்சு."

ஜெயந்தினி துணியைப் பிடித்தபடியே நின்றாள். கால் சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது, கெடுத்தது கை. அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல், எடுத்த துணிக்குக் காசு கொடுக்கவும் மறந்து வெளியே வந்து, வெட்கத்தோடு கடைக்கே திரும்பிப் போய்க் கொடுத்தாள்.

அன்று மாலையே வீரம்மா வீட்டு வாசலில் போய் நின்றாள். "கைய தூக்குனது என் தப்புதான்க்கா. காலு தப்பில்லையாம். என்னையத் திரும்பச் சேத்துக்கங்க."

"அப்ப இத்தன வருசம் நாங்க என்னத்த வெளையாண்டோம்?" என்று வீரம்மா சீறினாள். அவள் துளியும் நம்பவில்லை. ஆனாலும் ஜெயந்தினி திரும்பிப் போகும்போது, "ஆளு பத்தல. ஞாயித்துக்கெழம வா" என்றாள்.

இந்த வருடமும் டிக்கோயா, இந்த வருடமும் இறுதிப் போட்டி. எதிரே பூண்டுலோயாப் பக்கத்து அணி. ஒரு புள்ளி எடுத்தால் கிண்ணம். எதிரணி அடித்த பந்து தாழ்ந்து வந்தது. ஜெயந்தினி காலை நீட்டினாள், பந்து எழும்பியது. "காலு, காலு" என்று கத்தியவர்கள் சொந்தத் தோட்டத்து ஆட்கள்தான். எதிரணியும் விசிலுக்குக் காத்து நின்றுவிட்டது. ஜெயந்தினி இரண்டு கையையும் கீழேயே வைத்திருந்தாள். வீரம்மா மட்டும் எம்பி, அந்தப் பந்தை வலைக்கு அந்தப் பக்கம் அடித்தாள். அது தரையில் விழுந்தது. நடுவர் இவர்கள் பக்கம் கை காட்டினார்.

திரும்பி வரும் பஸ்ஸில் கிண்ணம் கைமாறிக்கொண்டே இருந்தது. ஷப்னா அன்று வாய் திறக்காமல் இருந்திருந்தால் என்று நினைக்கவே ஜெயந்தினிக்குப் பயமாக இருந்தது. நாளைக்கே போய் அவள் கையைப் பிடித்து நன்றி சொல்ல வேண்டும் என்று எண்ணிக்கொண்டாள். பிறகு பக்கத்தில் இருந்த வீரம்மாவிடம் கேட்டாள்.

"நீங்கதான் ரூல்ஸ நம்பலையேக்கா. அப்புறம் ஏன் அடிச்சீங்க?"

"ரூல்ஸ இப்பவும் நம்பல," என்றாள் வீரம்மா. "ஒன்னையப் பாத்தேன். தப்பா இருந்தா நீ கைய தூக்கியிருப்ப."

ஜெயந்தினி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோட்டம் வந்து சேரும்வரை அவளுக்குக் கண்ணீர் நிற்கவில்லை.